குறைவாக ஓட்டுகிறவருக்கான சலுகை

வண்டிக் காப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்க அரசாங்கம் எடுத்துக்கொண்ட முயற்சிகளை என்னைப் போல விடாமல் படித்தவர் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. இதில் பெருமை ஒன்றும் இல்லை. படிக்க வேறு எதுவும் வருவதில்லை, அவ்வளவுதான். போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் என் பெயருக்கு வருவது மூன்றே மூன்று: மின்கட்டண ரசீது, ஓய்வூதியர் சங்கத்தின் சுற்றறிக்கை, காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல். மூன்றில் நினைவூட்டல்தான் கொஞ்சம் அன்பாக எழுதப்பட்டிருக்கும். ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, உங்களை மறந்துவிட மாட்டோம்’ என்கிற மாதிரி.

அந்த அன்பின் விலை வருஷா வருஷம் ஏறியது.

இதில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டி வேறொருவர் மேல் மோதினால் அவருக்குப் போகிற பணம். அது இல்லாமல் வண்டி தெருவில் இறங்கக் கூடாது. அதன் கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. இன்னொன்று நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கானது. அது நம் விருப்பம். கட்டணத்தைச் சொல்வது கம்பெனியின் விருப்பம். மூன்றாம் நபர் கட்டணத்துக்கு முதலில் அரசிதழில் ஒரு வரைவு வரும். ஆட்சேபணை இருப்பவர்கள் இத்தனை நாளுக்குள் எழுதலாம் என்று ஒரு முகவரியும் இருக்கும். நான் எழுதுவேன். பத்தி எண் போட்டு, விதியைக் காட்டி, மரியாதையாக எழுதுவேன். பதில் வராது. பதில் வராததும் நடைமுறைதான். இறுதி அறிவிப்பில் ‘பெறப்பட்ட ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டன’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் நான் எங்கேயோ இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மின்சார வண்டிக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பேருந்துக்குக் கொடுத்தார்கள். ஐம்பது வயது தாண்டிய பழம்பெரும் கார்களுக்குப் பாதிக்குப் பாதி கொடுத்தார்கள். எனக்கு அந்த வயது எப்போதோ ஆகிவிட்டது. என் காருக்குத்தான் ஆகவில்லை. உயிர்க் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இருந்த வரியை நீக்கினார்கள். காருக்கு உயிரும் இல்லை உடம்பும் இல்லை என்று கண்டுபிடித்து, அதன் வரியை அப்படியே விட்டுவைத்தார்கள்.

காரை விற்றுவிடு என்று வெளிநாட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் சொல்வாள். வாரத்தில் ஒரு நாள், பாட்டரி செத்துப்போகாமல் இருக்க முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைச் சாலை வரை ஓட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வருவேன். காரின் வேலை அவ்வளவுதான். விற்றால் அந்த வேலையும் எனக்குப் போய்விடும். இதை மகளிடம் சொல்லவில்லை. விலை படியவில்லை என்று சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று வைத்தார்கள். ஏறும் காப்பீட்டுக் கட்டணத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று பேப்பரில் சின்னதாக விளம்பரம். கூட்டாளி ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். அலுவலகத்தில் அவர் கணக்குப் பிரிவு. என் பயணப்படி பில்லை அவர் திருப்பி அனுப்பாத மாதம் கிடையாது. ‘மேற்கண்ட இடத்தில் தங்கியதற்கு ஆதாரம் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதுவார். சர்வீஸ் முழுக்கச் சண்டை போட்டவர்கள், ஓய்வு பெற்ற பிறகு வேறு யாரும் மிஞ்சாததால் நண்பர்களானோம். அவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். காப்பீட்டை இன்றைக்கும் ‘அசுரான்ஸ்’ என்றுதான் சொல்வார். யாரைப் பார்த்தாலும் ‘ஐயா’வுக்குப் பதில் ‘முசே’. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. விதவைத் தங்கையோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறார்.

கூட்டத்தில், மேடையில் இருந்தவர்களை விடக் கீழே இருந்தவர்கள் குறைவு. அதிலும் பாதிப் பேர் ஏஜென்ட்டுகள். டெல்லியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் திரையில் படம் காட்டினார். வண்டியைக் குறைவாக ஓட்டுகிறவர் எதற்கு எல்லோரைப் போலவும் கட்ட வேண்டும்? இனி ஓட்டும் தூரத்துக்கு ஏற்பக் கட்டினால் போதும். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதற்குள் ஓட்டினால் சொந்தச் சேதக் கட்டணத்தில் தள்ளுபடி. தாண்டினால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் மிஞ்சும். சொந்த வண்டிக்கு அடிபட்டால் ஒன்றும் கிடைக்காது. வேண்டுமானால் நடுவில் கூடுதல் கிலோமீட்டர் வாங்கிக்கொள்ளலாம். டாப்-அப் என்று பெயர்.

“வீட்டுலேயே இருக்குறவங்களுக்கு கவர்மெண்ட்டு குடுக்குற பரிசு இது,” என்று அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

கூட்டாளி என் காதருகில் குனிந்தார். “முசே, ஒனக்குன்னே கொண்டாந்திருக்கான்யா. எங்கயும் போவாதவனுக்குக் காசாம்.”

“ஒனக்கு கார் இல்லியேன்னு வயித்தெரிச்சல்.”

“எனக்கு இன்னாத்துக்கு கார்? நானு ஒன்னவிட மோசம். வூட்டு வாசலத் தாண்டாதவனுக்கு அசுரான்ஸ் எதுக்கு?”

கருத்துச் சொல்லும் நேரம் வந்தபோது நான் எழுந்து நின்று, வரைவின் மூன்றாம் பத்தியில் இருக்கும் முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினேன். அதிகாரி குறித்துக்கொண்டார், அல்லது குறித்துக்கொள்வது போலப் பேனாவை அசைத்தார். அதன் பிறகு சமோசா கொடுத்தார்கள். கூட்டாளி இரண்டு எடுத்து ஒன்றைத் தங்கைக்கென்று கைக்குட்டையில் மடித்துக்கொண்டார்.

அந்த வருஷமே இருப்பதிலேயே குறைந்த கிலோமீட்டர் படியை எடுத்தேன். அதற்கு மீட்டர் அளவைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எடுத்து அனுப்பினேன். படம் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்த்தால், மீட்டர் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. எண்களுக்கு மேலே ஒரு கிழவன். சாய்ந்து உட்கார்ந்து, முகம் விழாமல் மறுபடி எடுத்து அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். குறைவாக ஓட்டுகிறவன் என்று எனக்கு அரசாங்கத்தின் ஒப்புதலோடு சான்று கிடைத்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் கூட்டாளியின் தங்கை போன் செய்தார். பல் துலக்கும்போது அவருக்கு இடது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கப் போனால் கை வரவில்லை. நான்தான் காரில் கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். லேசான பக்கவாதம், சீக்கிரம் வந்ததால் தப்பித்தார் என்றார்கள். பேச்சு கெடவில்லை. கால் கொஞ்சம் இழுத்தது, கைதான் துவண்டுபோனது. வாரத்தில் மூன்று நாள் வந்து பயிற்சி எடுக்க வேண்டும், விடாமல் வந்தால் கை திரும்பும், விட்டால் இப்படியே நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வாரத்துக்கு மூன்று நாள். அதிலிருந்து எனக்குக் கிழமைகள் திரும்ப வந்தன. திங்கள், புதன், வெள்ளி காலையில் சவரம் செய்துகொள்ள ஒரு காரணம் இருந்தது. காரைத் துடைத்து அவர் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தால், “அடிக்காதயா, கல்யாண வூடா இது?” என்று உள்ளிருந்து குரல் வரும். கருவடிக்குப்பம் வழியாக லாசுப்பேட்டை மேட்டில் ஏறி, திண்டிவனம் சாலையைப் பிடித்தால் கோரிமேடு. வழி முழுக்க அவர் என் ஓட்டத்தைத் தணிக்கை செய்துகொண்டே வருவார். “சிக்னல்ல பச்சை உழுந்தும் நிக்கிற. மொத மரியாதையா பண்றாங்க ஒனக்கு?” மற்ற நாட்களில் நான் பேசுகிற முதல் வார்த்தை பால்காரரிடம் ‘ஒண்ணு’ என்பதுதான். சில நாள் அதுவே கடைசி வார்த்தையும்.

எங்கள் அலுவலக ஜீப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கிளம்பும்போதும் போய்ச் சேர்ந்தபோதும் டிரைவர் மீட்டர் அளவை உரக்கப் படிப்பார். பக்கத்தில் இருக்கும் அதிகாரி “சரி” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இறங்கலாம். ஜீப்பைச் சொந்தக் காரியத்துக்கு ஓட்டக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு; சொந்தக் காரியத்துக்கு ஓட்டும்போதும் அதே ஒழுங்கில் படித்தார்கள். கோரிமேட்டுக்குப் போன முதல் நாள் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் பழக்கத்தில் நான் மீட்டரைப் படித்தேன். அவர் பழக்கத்தில் “சரி” என்றார். இருவரும் சிரித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் படித்தேன். அவர் “சரி” சொல்லாமல் கதவைத் திறக்க மாட்டார்.

கணக்குப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர் காதில் மாதக்கணக்காக எண்களைப் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வந்து அவர் வீட்டு வாசலில் நிறுத்தி மீட்டரைப் படித்தேன். அவர் “சரி” சொல்லவில்லை.

“ஒன் அசுரான்ஸ் கிலோமீட்டரு எவ்ளோ மிச்சம் கீது?”

“அது இருக்கு.”

“எவ்ளோன்னு கேட்டேன்.”

சொன்னேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி மனதுக்குள் வகுத்தார். உதடு மட்டும் அசைந்தது.

“வருசம் முடிய இன்னும் பாதி கெடக்கு. இதுவரைக்கும் ஓடுனதுல எனக்காகவே முக்காவாசி. இப்டியே போனா மழைக்கு முன்னாடி தீந்துடும்.”

“தீந்தா டாப்-அப் போட்டுக்கலாம். போன்லயே முடிஞ்சிரும்.”

“யார் துட்டு?”

“என் வண்டிக்கு என் துட்டு.”

“என் கைக்கு ஒன் துட்டா? யோவ், ஒருத்தன் பயணத்துக்கு இன்னொருத்தன் தலைப்புல செலவு எழுதுனா நான் பாஸ் பண்ணிருக்கனா? சர்வீஸ்ல ஒருத்தனுக்காச்சும் பண்ணிருக்கனா?”

“பெட்ரோல் போடுறேனே, அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லல?”

“அது நட்பு. இது விதி.” அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “நீ அந்த மீட்டிங்குல எழுந்து நின்னு மூணாம் பத்தின்னு பேசுனவன். ஒன் பேர்ல கவர்மெண்ட்டு ஒரு சலுகை குடுத்துக்குது. என்னால அது கெட வேணாம். திங்கக்கெழமை வராத. நான் பாத்துக்குறேன்.”

கதவைத் திறக்க அவருக்கு நேரமாயிற்று. நான் இறங்கிப்போய்த் திறந்துவிடலாமா என்று நினைப்பதற்குள் அவரே திறந்துகொண்டார். கை அந்த அளவுக்குத் தேறியிருந்தது.

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை, அதுதான் தொல்லை. வேறு யாராவது இப்படிச் சொன்னால் ‘விடுய்யா’ என்று கையைப் பிடித்து இழுத்துவந்து வண்டியில் ஏற்றியிருப்பார்கள். நாங்கள் இருவரும் வாழ்நாள் முழுக்க ஆட்சேபணைகளை மதித்தே பிழைத்தவர்கள். ஒருவர் ஆட்சேபணை எழுப்பிவிட்டால், அது நீங்கும் வரை கோப்பு நகராது. டாப்-அப் போட்டுவிட்டுச் சொன்னேன். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்றார். திருப்பி வாங்க முடியாது, அதற்கு விதி இல்லை என்றேன். “அப்போ ஒன் சொந்த ஒபயோகத்துக்கு வெச்சிக்க” என்று போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டேன். காரைத் துடைத்தேன். ஹாலில் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை சவரம் செய்துகொள்ளவில்லை.

வாடகைக்கு ஆட்டோ வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். செலவைப் பார்த்து நடுவில் பயிற்சியையே விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கை இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னது என் தலைக்குள் ஓடியது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எனக்கு வண்டியில் பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது. இரண்டில் எது பெரிது என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

யோசித்தது ஒன்றைத்தான். அவருடைய ஆட்சேபணை, மிச்சம் இருக்கும் கிலோமீட்டரைப் பற்றியது. மிச்சமே இல்லாவிட்டால் ஆட்சேபணைக்கு இடம் ஏது? சலுகை கெடும் என்கிறாரா? கெட்டுப் போய்விட்ட சலுகையை யாராலும் மேற்கொண்டு கெடுக்க முடியாது. கோப்பு தானாக நகரும். ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தோன்றிய சிறந்த யோசனை இதுதான் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாளிலிருந்து கிலோமீட்டரைக் கரைக்க ஆரம்பித்தேன்.

வண்டி ஓட்டுவது ஓர் இடத்துக்குப் போவதற்காக என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஓட்டித் தீர்ப்பதற்காக ஓட்டும்போது சாலையே வேறு மாதிரி இருக்கிறது. வடக்கே மரக்காணம் போனேன். உப்பளத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தி, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். மேற்கே விழுப்புரம் போய், பஸ் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். தெற்கே கடலூர், அதற்கும் கீழே சிதம்பரம். கோயிலுக்குள் போகவில்லை. போனால் வேண்டிக்கொள்ள வேண்டும், என்னவென்று வேண்டுவது? டாப்-அப்பையும் சேர்த்து வாங்கித் தொலைத்திருந்ததால் வேலை நீண்டது. வாங்கிய கிலோமீட்டரை வீணாக்கப் பெட்ரோலும் போட வேண்டியிருந்தது. கட்டணத்தைக் குறைக்கத்தான் அரசாங்கம் இவ்வளவு பாடுபட்டது என்பதை ஒவ்வொரு பங்க்கிலும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கடலூரிலிருந்து திரும்பும்போது முதுகு வலித்தது. நோணாங்குப்பம் படகுத் துறையில் கொஞ்சம் நிற்கலாமென்று வண்டியை உள்ளே விட்டேன். சென்னைப் பதிவெண் கார்கள் வரிசையாக நின்றன. குடும்பம் குடும்பமாக ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு படகுக்கு நின்றார்கள். நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவர் குனிந்து காருக்குள் பார்த்தார்.

“எத்தினி பேர் சார்?”

“ஒருத்தர்தான்.”

“பின்னாடி யாரும் வர்றாங்களா?”

“இல்ல.”

அவர் மறுபடி ஒரு தடவை பின்சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டைக் கிழித்தார். “போட்டுக்கு ஒருத்தரா போனா வெய்ட் பண்ணனும் சார். வேற ஃபேமிலி எதுனா வந்தா சேத்து உடுவாங்க.”

படகு வேண்டாம் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை மிதவைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அழுதது. அதன் அப்பா, “வூட்டுக்குமா போட்டுக்கினு போவ?” என்று சிரித்துச் சிரித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர்கள் போகும் வரை பார்த்தேன்.

கடைசி கிலோமீட்டர் அரியாங்குப்பம் பாலத்துக்குப் பக்கத்தில் தீர்ந்தது. ஓரமாக நிறுத்தினேன். மீட்டரை உரக்கப் படித்தேன். லாரிகள் காரை உலுக்கிக்கொண்டு போயின. இனி யாராவது என் காரை இடித்தால் எனக்கு ஒன்றும் கிடையாது. நான் யாரையாவது இடித்தால் அவருக்கு எல்லாம் உண்டு. சட்டப்படி முழுத் தகுதியுள்ள ஓட்டுநராகத்தான் முத்தியால்பேட்டைக்குத் திரும்பினேன்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தங்கை கேட்டைத் திறந்தார்.

“வாங்கண்ணா. இன்னா, ஆளையே காணோம்? தெனம் கார எடுத்துக்கினு எங்கயோ போறீங்கன்னு பால்காரரு சொல்றாரு. எங்கண்ணன் சொல்லுது, ‘பாரு, நான் ஏறாததால அவனுக்கு ஊரு சுத்த நேரம் கெடச்சிருக்கு’ன்னு.”

“அவர் எங்க?”

“இப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து படுத்துது.”

“யார் கூட்டிட்டுப் போறது?”

“கூட்டிக்கினுலாம் யாரும் போறதில்ல. பஸ்லதான். அதுக்கு ஒரு செட்டு சேந்துடிச்சி. மரக்காணம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வருது, மில்லுல வேல பாத்த ஒருத்தர் வர்றாரு. ஏறி எடம் போட்டு வெச்சிர்றாங்க. இது லேட்டா போனா பஸ்ஸையே நிறுத்தி வெக்கிறாங்களாம். முந்தாநேத்து அந்தம்மா கருவாடு குடுத்து அனுப்பிச்சி.”

உள்ளேயிருந்து கூட்டாளியின் குரல் கேட்டது. “யாரு, முசேவா? உள்ள வாய்யா.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்: எல்லாம் தீர்ந்துவிட்டது, மிச்சம் பண்ண இனி ஒன்றும் இல்லை, திங்கட்கிழமை வருகிறேன்.

“எங்கெங்க போன?”

சொன்னேன்.

“சிதம்பரமா? தனியாவா?” சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் மெல்ல மடிந்து, மெல்ல விரிந்தன. “பாத்தியா. பஸ்ல ஏறி எறங்க கம்பியப் புடிச்சி புடிச்சி வந்ததுய்யா இது. அந்த டாக்டரம்மாவே சொல்லிச்சி, கார்ல வந்திருந்தா இவ்ளோ வராதுன்னு.”

“நல்லதாப் போச்சு.”

“அதுங்களும் தெனம் எனக்காக நிக்கிது. திடீர்னு கார்ல போயி எறங்குனா நல்லாருக்காது. இன்னா சொல்ற?”

ஆட்சேபணை நீங்கியிருந்தது, கோப்பே முடிந்துவிட்டிருந்தது. தங்கை காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டேன். காரை எடுக்காமல் முத்தியால்பேட்டை மார்க்கெட் பக்கம் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனேன். கூட்டாளி ஏற்கனவே அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பக்கத்தில் கழுத்தில் பட்டை போட்ட ஒரு அம்மா, கூடையோடு; மரக்காணம் பஸ்ஸில் வந்து இங்கே மாறுகிறவராம். தோளைத் தேய்த்துக்கொண்டு ஒரு பெரியவர். மூடிப்போன மில்லில் தறி ஓட்டியவராம். இன்னும் மூன்று நான்கு பேர். எல்லோர் கையிலும் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. என் கையில் குடை.

பஸ் வந்ததும் அந்த அம்மா கூடையை முன்னால் தள்ளி ஏறி, இரண்டு சீட்டைப் பிடித்துவிட்டார். கூட்டாளியை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துப் பக்கத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். மில்காரர் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நான் கம்பியைப் பிடித்து நின்றேன். செட்டில் அன்றைக்கு மில்காரர் முறை போலிருக்கிறது. கண்டக்டரிடம் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டார். கண்டக்டர் தலைகளை எண்ணிக்கொண்டு வந்து என்னிடம் நின்றார். “இவரு?” மில்காரர் என்னைப் பார்த்தார். நான் தனியாக எடுத்துக்கொண்டேன்.

லாசுப்பேட்டை தாண்டியதும் அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒங்களுக்கு இன்னா ஒடம்புக்கு?”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லாமயா கோரிமேடு வர்றீங்க?”

“இவருக்குத் துணைக்கு வந்தேன்.”

“அதுக்குத்தான் நாங்க இத்தினி பேரு இருக்குறமே,” என்றார். கோபமாக இல்லை, ஒரு தகவலாகச் சொன்னார். மில்காரர் சிரித்தார். கூட்டாளி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி அறைக்குள் நோயாளியோடு ஒருவர்தான் போகலாம். அது நியாயமான விதி. கூட்டாளியின் பையை மில்காரர் தூக்கிக்கொண்டு கூடவே போனார். நான் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். விழுப்புரம், திண்டிவனம் பஸ்களில் வந்து இறங்கியவர்கள் என்னிடம் வந்து சீட்டு எங்கே போடுவது, எக்ஸ்-ரே எந்தக் கட்டடம் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். குடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் அங்கே வேலை பார்ப்பவன் என்று நினைத்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இன்னும் அதிகம். அதே மாதிரிதான் உட்கார்ந்தார்கள், அதே மாதிரிதான் நான் நின்றேன். வளைவில் பஸ் சாய்ந்தபோது மேலே விழப்போய்ச் சமாளித்தேன். அந்த அம்மா என் காலைப் பார்த்தார்.

“நிக்க முடியலியா?”

“முட்டி,” என்றேன். “ரெண்டு மாசமா. படியேறினா வலிக்குது.”

“காலையில ஒண்ணும் இல்லன்னீங்க?”

“சொல்ல வேணாம்னு பாத்தேன்.”

“நல்லா இருக்குது போங்க. வலிய வெச்சிக்கினு பேசாம வர்றாரு பாரு மனுசன்!” அவர் கூடையை மடியில் தூக்கிக்கொண்டு கூட்டாளி பக்கம் நெருக்கி நகர்ந்தார். சீட்டின் ஓரத்தில் ஒரு சாண் இடம் கிடைத்தது. “குந்துங்க. முட்டிக்கு இங்க நல்லாப் பாப்பாங்க. காலையில வெள்ளனவே வந்து ஓபி சீட்டு போட்டுருங்க.”

உட்கார்ந்தேன். பாதி உடம்பு வெளியே இருந்தது. அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூட்டாளி தலையை நீட்டி என் முட்டியைப் பார்த்தார். காலையில் மார்க்கெட் நிறுத்தத்துக்கு நான் வேகமாக நடந்து வந்ததைப் பார்த்தவர் அவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இவரையும் சேத்துக்கங்க,” என்றார் வெளியே பார்த்தபடியே. “புதன்கெழமைக்கு.”